உதட்டுக் கொப்புளம் உள்ள கணவரிடமிருந்து மனைவிக்கு ஹெர்பிஸ் பரவும் ஆபத்து எவ்வளவு?

வைகைக்கரையான்:
வணக்கம். பள்ளிப் பருவத்திலிருந்தே, காய்ச்சல் கண்டாலோ வெயிலில் நெடுநேரம் அலைந்தாலோ, என் கீழுதட்டின் ஓரத்தில் சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, உடைந்து, பொருக்குத் தட்டிப் பத்து நாட்களுக்குள் ஆறிவிடும். சூட்டுக் கொப்புளம் என்றே வீட்டில் சொல்லி வந்தார்கள். சென்ற வாரம் பல் மருத்துவர் பார்த்துவிட்டு இது ஹெர்பிஸ் என்றார். என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு இப்படி வந்ததே இல்லை. என்னிடமிருந்து அவளுக்குப் பரவுமா, குழந்தைக்குத் தீங்கு நேருமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தோல்நோய் மருத்துவர்:
இது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது இருக்கிறது. பலருக்குச் சிறுவயதிலேயே உறவினரின் முத்தத்தாலும் எச்சிலாலும் தொற்றி, அறிகுறி எதுவும் காட்டாமல் இருந்துவிடுகிறது. உங்கள் மனைவிக்கும் முன்பே தொற்றியிருக்கலாம். ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்கும் காலம் இதுவல்ல.

உதட்டில் குறுகுறுப்போ எரிச்சலோ தோன்றும் கணத்திலிருந்து, பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் முழுமையாக மூடும் வரை, முத்தமும் வாய்வழி உறவும் கூடாது. வாய்வழி உறவினால் இதே வைரஸ் பிறப்புறுப்பிலும் தொற்றும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அங்கே முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால், தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிக் குழந்தையைச் சென்றடையும் முன்பே பிரசவம் நேர்ந்து, குழந்தைக்கு உயிராபத்தான நோய் வரக்கூடும். ஆகவே பிரசவம் வரை, புண் இல்லாத நாட்களிலும் வாய்வழி உறவைத் தவிர்த்துவிடுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் இதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்:
மிக்க நன்றி, டாக்டர். புண் இல்லாதபோது முத்தமிடலாமா? அவளுக்கு இரத்தப் பரிசோதனை தேவையா?

தோல்நோய் மருத்துவர்:
வைரஸ் முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சில் வாழ்நாள் முழுவதும் தங்கி, சில நாட்களில் புண் இல்லாமலே எச்சிலில் வெளிப்படுகிறது. எனவே ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். புண் இருக்கும்போது உள்ளதைவிட அது மிகக் குறைவு, சாதாரண முத்தத்தை நான் தடுக்க மாட்டேன். இரத்தப் பரிசோதனை, வைரஸ் எப்போதோ உடலில் நுழைந்ததா என்பதைத்தான் காட்டும். யாரிடமிருந்து, எப்போது, உடலில் எந்த இடத்தில் என்று காட்டாது. இதை அறியாமல், அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நடத்தையை மற்றவர் சந்தேகிக்கும் தம்பதியரைப் பார்க்கையில் மிகவும் வருந்துகிறேன்.

இரு பிள்ளைகளின் தாய்:
சகோதரரே, என் கணவருக்கும் இதே தொல்லை உண்டு. மருத்துவர் எழுதித் தந்த அசைக்ளோவிர் மாத்திரையை வீட்டில் தயாராக வைத்திருந்து, குறுகுறுப்புத் தோன்றியவுடனே தொடங்கிவிடுவார். கொப்புளம் பழுத்த பிறகு விழுங்கினால் அவ்வளவு பயன் இல்லை. புண்ணுக்கு மருந்து தடவிய விரலால் கண்ணைத் தொடாதீர்கள், கண்ணின் கருவிழியையும் இது தாக்கும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் அவருடைய துண்டும் தம்ளரும் தனி. பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்குப் புண் வந்தால், ஆறும் வரை குழந்தையை முத்தமிடவே வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்து தூக்குங்கள். பார்க்க வரும் உறவினர்களில் உதட்டுப் புண்ணோடு யார் வந்தாலும், அவர்கள் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், இதையே சொல்லிவிடுங்கள்.