இரண்டு ஆண்டு நிறைவதற்குள் ஆறு புள்ளிகள்: தம்பியின் அனுமதிப்பத்திரம் பறிபோகுமா?

மூத்தவன் (கேள்வி)

எனது தம்பி இலங்கையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாகனம் செலுத்தியவர். இங்கிலாந்துக்கு வந்தபின் இங்குள்ள பரீட்சைகளில் சித்தியடைந்து முழு அனுமதிப்பத்திரம் பெற்றார்; இப்போது முதியோரை அவரவர் வீட்டுக்குச் சென்று பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். கார் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. சென்ற ஆண்டு வேக வரம்பை மீறியதற்காக அவருடைய அனுமதிப்பத்திரத்தில் மூன்று தண்டப் புள்ளிகள் விழுந்தன. இப்போது 20 மைல் வரம்புள்ள வீதியில் 33 மைல் வேகத்தில் சென்றதாகக் கமராவில் பதிவாகி, மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. கார் எனது பெயரில் பதியப்பட்டிருப்பதால், அன்று ஓட்டியவர் யார் என்று கேட்கும் அந்தக் கடிதம் எனக்கே வந்தது.

சம்பவம் நடந்த நாளில், அவர் பரீட்சையில் சித்தியடைந்து இரண்டு ஆண்டு நிறைவதற்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. அந்த மூன்று வாரங்களும் இப்போது கழிந்துவிட்டன. ஆகவே வழக்கு முடியும் நாளைக் கணக்கில் எடுத்தால் அவர் தப்புவாரா? ஊரில் ஓட்டிய அனுபவத்தைக் காட்டி, அவர் புதிய சாரதி அல்லர் என்று வாதிட முடியுமா? வேலை போய்விடும் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொள்ளுமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குப் புள்ளி எதுவும் இல்லாததால், ஓட்டியவர் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிடும்படி வீட்டில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் அதன் விளைவை விவரம் தெரிந்தவர் யாரேனும் எழுதினால், அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

நீதிநடை (பதில்)

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றைவிட அதுதான் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து. ஓட்டாத ஒருவர் தாமே ஓட்டியதாக எழுதிக் கொடுப்பதை இந்த நாட்டுச் சட்டம் போக்குவரத்துக் குற்றமாகப் பார்ப்பதில்லை. நீதியின் போக்கைத் திசைதிருப்பிய குற்றமாகவே பார்க்கிறது. அதற்கு வழக்கமாகக் கிடைப்பது சிறைத் தண்டனை. அமைச்சராக இருந்த கிறிஸ் ஹூனும், அவருக்காகப் புள்ளிகளை ஏற்றுக்கொண்ட அவருடைய அப்போதைய மனைவி விக்கி பிரைசும் 2013இல் ஆளுக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். அவர்கள் மறைக்க முயன்றதும் ஒரு வேகக் கமரா வழக்கைத்தான். அது நடந்து பத்து ஆண்டுகள் கழிந்த பிறகும் தண்டனை வந்து சேர்ந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த ஒரு பத்தியை வாசித்துக் காட்டினாலே போதும்.

கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஓட்டியவரின் பெயரை 28 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டியது பதிவு உரிமையாளராகிய உங்கள் கடமை. தவறினால் உங்கள் அனுமதிப்பத்திரத்தில் ஆறு புள்ளிகள் விழும். ஆயிரம் பவுண் வரை தண்டமும் விதிக்கப்படலாம். வேகத்துக்கு, நீதிமன்றம் போகாமல் தீர்த்துக்கொண்டால், கிடைப்பதோ மூன்று புள்ளிகள்தான். ஆனால் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். குற்றம் நடந்து 14 நாட்களுக்குள் முதற்கடிதம் பதிவு உரிமையாளருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பதிவில் முகவரி சரியாக இருந்தும் அது காலங்கடந்து வந்திருந்தால், அந்த வாதம் உண்மையிலேயே பயன்படும். அப்போதும் ஓட்டியவர் பெயரைத் தெரிவிக்கும் கடமை உங்களை விட்டுப் போகாது.

இனித் தம்பியின் நிலைமைக்கு வருகிறேன். 1995ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1997 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாரதிகள் சட்டம், முதன்முறையாகப் பரீட்சையில் சித்தியடைந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளை நன்னடத்தைக் காலமாக வைக்கிறது. அந்தக் காலத்துக்குள் செய்த குற்றத்தால் மொத்தப் புள்ளிகள் ஆறு அல்லது அதற்கு மேல் ஆகுமானால், சாரதி அனுமதிப்பத்திரங்களை வழங்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ. அதை ரத்துச் செய்தே ஆக வேண்டும். இங்கே கணக்கில் எடுக்கப்படுவது குற்றம் நடந்த நாளே. தண்டம் கட்டிய நாளோ தீர்ப்பு வந்த நாளோ அன்று. எனவே வழக்கை இழுத்தடிப்பதால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. பரீட்சைக்கு முன் தற்காலிக அனுமதிப்பத்திரத்தில் விழுந்த புள்ளிகள்கூட, செல்லுபடியாகும் காலத்துக்குள் இருந்தால் இந்தக் கூட்டலில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது.

இலங்கை அனுபவமும் உதவாது. பிரித்தானியாவிலோ ஐரோப்பியப் பொருளாதார வலய நாடொன்றிலோ முன்னரே பரீட்சையில் சித்தியடைந்திருந்தால் கணக்கு அந்த நாளிலிருந்து தொடங்கும். இலங்கை, இந்தியப் பரீட்சைகளுக்கு அந்த இடம் இல்லை. முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவரும் இங்கே சித்தியடைந்த மறுநாள் புதிய சாரதிதான். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் அதை நீதவான் முன் சொல்வதில் பொருளில்லை.

வேலை பற்றிய வாதம் வேறொரு விதிக்கு உரியது. மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்து, குறைந்தது ஆறு மாதத் தடையை எதிர்கொள்பவர் மட்டுமே, தமக்கோ தம்மை நம்பியிருப்பவர்களுக்கோ அசாதாரணமான இன்னல் நேரும் என்று நீதிமன்றத்தில் வாதிட முடியும். புதிய சாரதியின் ரத்து அப்படி அல்ல. புள்ளிகளை விதிப்பதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்துவிடுகிறது. ரத்துச் செய்வது டி.வி.எல்.ஏ.யின் நிர்வாக நடவடிக்கை. அங்கே இரக்கத்துக்கோ விதிவிலக்குக்கோ வழி வைக்கப்படவில்லை. ஆகையால் வாதாட வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால், அது புள்ளிகள் விழுவதா இல்லையா என்பது மட்டுமே.

கிழக்குவாசல் (பதில்)

நீதிநடை எழுதியவை சரிதான். ஆனால் ஒரு வழியை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நீதிமன்றம் புள்ளிகளுக்குப் பதிலாகக் குறுகிய காலத் தடை விதிக்க முடியும். தடை விதித்தால் அந்தக் குற்றத்துக்குப் புள்ளி விழாது, புள்ளி விழாவிட்டால் மொத்தம் மூன்றிலேயே நிற்கும், ரத்தும் இல்லை. சில வாரங்கள் காரைத் தொடாமல் இருந்தால், தடை முடிந்ததும் முழு அனுமதிப்பத்திரத்தோடு மறுபடியும் ஓட்டலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வழக்கறிஞர் இப்படித்தான் பெற்றுக்கொடுத்தார். ஆகவே நூறு பவுண் தண்டத்தையும் மூன்று புள்ளிகளையும் ஏற்கும்படி வரும் படிவத்தில் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம், வழக்கு நீதிமன்றத்துக்கே போகட்டும் என்பதே எனது கருத்து.

நீதிநடை (பதில்)

அந்த வழி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதன் விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் தம்பி சரியாக முடிவெடுக்க முடியும்.

இங்கிலாந்து, வேல்ஸ் நீதவான்களுக்கான தண்டனை வழிகாட்டியிலேயே இந்தக் கோரிக்கை பற்றிய குறிப்பு உண்டு. மறுபரீட்சையைத் தவிர்ப்பதற்காகப் புள்ளிகளுக்குப் பதில் தடை கேட்பவருக்கு அதை வழங்குவது பொதுவாகப் பொருத்தமற்றது, ஏனெனில் அது நாடாளுமன்றத்தின் தெளிவான நோக்கத்தைச் சுற்றிக்கொண்டு போவதாகும் என்பது அந்தக் குறிப்பின் சாரம். 'பொதுவாக' என்ற சொல் இருப்பதால் சில நீதவான்கள் இணங்குகிறார்கள், பலர் இணங்குவதில்லை.

இணங்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 20 மைல் வரம்பில் 31 முதல் 40 வரையான வேகத்துக்கு வழிகாட்டி சொல்வது நான்கு முதல் ஆறு புள்ளிகள், அல்லது 7 முதல் 28 நாள் தடை. படிவத்தை ஏற்றிருந்தால் மூன்றோடு மூன்று சேர்ந்து ஆறில் நின்றிருக்கும். நீதிமன்றத்துக்குப் போனதால் ஏழிலிருந்து ஒன்பது வரை போகலாம். அனுமதிப்பத்திரம் இரண்டு வகையிலும் ரத்தாகும். ஆனால் புள்ளிகள் ரத்தோடு அழிவதில்லை. மறுபரீட்சையில் சித்தியடைந்த பிறகும் அவை கூடவே வரும். அப்போது 12இல் முடியும் கூட்டலுக்கு ஆறு மீதமிருப்பதும் மூன்று மீதமிருப்பதும் ஒன்றல்ல. தண்டமும் நூறு பவுணில் நிற்காது; வார வருமானத்தை அளவாகக் கொண்டு கணக்கிடப்படும், அதன்மேல் வழக்குச் செலவும் சேரும்.

மற்றொரு பக்கத்தில், படிவத்தை ஏற்றுக்கொண்டால் பின்னர் மேன்முறையீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட வழக்கில் மேன்முறையீடு செய்தால், அது முடியும் வரை அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெற வழியுண்டு.

ஆகவே குற்றத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சிறப்புக் காரணம், உதாரணமாக உயிராபத்திலிருந்த ஒருவரை ஏற்றிச் சென்றதற்குச் சான்று, கையில் இருந்தால் மட்டும் நான் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுப்பேன். வேலை, குடும்பம் போன்றவை சாரதியைப் பற்றிய காரணங்கள். அவை அந்த வகையில் அடங்கா. எதுவும் இல்லாமல் தடை கேட்டுப் பார்ப்பதானால், முதலில் போக்குவரத்து வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் ஆலோசனை பெறட்டும்.

புள்ளிகளுக்குப் பதிலாக வழங்கப்படும் வேக விழிப்புணர்வு வகுப்பு ஏன் கிடைக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். 20 மைல் வரம்பில் வழக்கமாக 24 முதல் 31 வரையான வேகத்துக்குத்தான் அது வழங்கப்படுகிறது. இரண்டு மைல் குறைவாகப் போயிருந்தால் இந்தத் திரியே தேவைப்பட்டிருக்காது.

செங்கல்பாதை (பதில்)

கேட்டவருக்கு நேரடியாக இது பொருந்தாது என்றாலும், இங்கே படிக்க வந்திருக்கும் மாணவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் ஓட்டுநர் பயிற்சி அளிப்பவன். மூன்றும் மூன்றும் சேர்ந்து ஆறாகி உரிமத்தை இழப்பவர்களைவிட, ஒரே தவறில் ஆறு புள்ளிகளையும் பெற்று இழக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்தினால் 2017 மார்ச் முதல் ஆறு புள்ளிகள், இருநூறு பவுண்ட் அபராதம். 2022 மார்ச்சில் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. பேசுவது மட்டுமல்ல, படம் எடுப்பது, பாட்டை மாற்றுவது, திரையைத் தொட்டு மணி பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் இது பொருந்தும். புதிய ஓட்டுநருக்கு அந்த ஒரு நொடியே போதும்.

இரண்டாவது காப்பீடு. நண்பனின் காரை வாங்கி, காப்பீட்டில் தன் பெயர் இல்லாமலேயே ஓட்டுவது ஒரு வகை. சொந்தக் காருக்குச் சொந்த உபயோகத்துக்கான காப்பீடு மட்டும் எடுத்துவிட்டு, மாலையில் அதே காரில் உணவு விநியோகம் செய்வது இன்னொரு வகை. காப்பீடு இருக்கிறதே என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருப்பான். ஆனால் கூலிக்குப் பொருள் கொண்டுசெல்வதை அந்தக் காப்பீடு ஏற்காததால், சட்டத்தின் கண்ணில் அவன் காப்பீடின்றி ஓட்டியவன். குறைந்தது ஆறு புள்ளிகள், முந்நூறு பவுண்ட் அபராதம். காவல்துறை வண்டியையும் பறிமுதல் செய்யலாம். காரைக் கொடுத்த நண்பனும், ஓட்ட அனுமதித்த குற்றத்துக்காக அதே அளவு புள்ளிகள் பெறக்கூடும். அவனும் புதிதாக உரிமம் எடுத்தவனாக இருந்தால், ஒரே மாலையில் இரண்டு உரிமங்கள் போய்விடும்.

மூத்தவன்

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் பெயரை எழுதும் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. கடிதம் குற்றம் நடந்து எட்டாம் நாளே வந்திருந்ததால் அந்த வாதமும் இல்லை. தம்பியின் பெயரைத் தெரிவித்துப் பதில் அனுப்பிவிட்டேன். அவருக்குப் படிவம் வந்தால் ஏற்றுக்கொள்வது என்றே முடிவு செய்திருக்கிறோம். ரத்தான பின் அவர் என்னென்ன செய்ய வேண்டும்? நான் பக்கத்தில் இருந்தால் அவர் ஓட்டலாமா? எல்லாம் முடிந்தபின் இன்னுமொரு இரண்டு ஆண்டு நன்னடத்தைக் காலம் தொடங்குமா?

நீதிநடை (பதில்)

தொடங்காது. ரத்துக்குப் பிறகு மறுபடியும் சித்தியடைந்தவருக்கு இரண்டாவது நன்னடத்தைக் காலம் இல்லை. அதன்பின் எல்லாச் சாரதிகளுக்கும் உள்ள 12 புள்ளி விதியே அவருக்கும் பொருந்தும்.

டி.வி.எல்.ஏ.யின் அறிவித்தலில் குறிப்பிடப்படும் நாளிலிருந்து ரத்து நடைமுறைக்கு வரும். அந்த நாளுக்குப் பின் தனியாக ஒரு தெரு ஓட்டினாலும் அனுமதியின்றி ஓட்டிய குற்றம். காப்புறுதியும் பெரும்பாலும் செல்லாது போவதால், ஏற்கெனவே உள்ள ஆறோடு மேலும் ஆறு சேர்ந்து தடையில் போய் முடியும். கட்டணம் செலுத்தித் தற்காலிக அனுமதிப்பத்திரத்துக்கு உடனே விண்ணப்பிக்கலாம். காத்திருப்புக் காலம் எதுவும் விதிக்கப்படவில்லை. பிறகு தியறி பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டையும் மறுபடியும் எடுக்க வேண்டும். முன்பு பெற்ற தியறிச் சித்தி உதவாது. தியறிக்கு 23 பவுண், வார நாட்களில் செய்முறைக்கு 62 பவுண். செய்முறைப் பரீட்சைக்கு இடம் கிடைக்கப் பல பகுதிகளில் மாதக்கணக்கில் ஆவதால், தற்காலிக அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த அன்றே தியறிக்குப் பதிந்துவிடுவது நல்லது. தியறியில் சித்தியடையாமல் செய்முறைக்குப் பதிய முடியாது.

நீங்கள் 21 வயதைக் கடந்து, மூன்று ஆண்டுகளாவது முழு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவராக இருந்தால், எல் பலகை மாட்டிய காரில் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து அவரை ஓட்டவிடலாம். ஆனால் காரின் காப்புறுதி, பயிலும் சாரதியாக அவரை ஏற்றிருக்க வேண்டும். முழு அனுமதிப்பத்திரம் உள்ளவர் என்று முன்பு எழுதிய காப்புறுதியை மாற்றாமல் விட்டால், செங்கல்பாதை எழுதிய அதே சிக்கலுக்குள் நீங்களும் அகப்படுவீர்கள். ஏனெனில் கார் உங்களுடையது.

வேலை கொடுத்தவரிடம் படிவத்தை ஏற்றுக்கொள்ளும் நாளிலேயே அவர் சொல்லிவிடட்டும். ரத்து அறிவித்தல் வந்த பிறகு சொன்னால், வேறு பணிமுறைக்கோ நடந்து செல்லக்கூடிய வீடுகளுக்கோ அவரை மாற்ற அவர்களுக்கு அவகாசம் இருக்காது.