ஹியோஸ் தீவின் பிசின் ஊர்களில் நானும் இவரும்

கிரேக்கத் தீவு என்றாலே சான்டொரினிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வெள்ளை வீடு, நீலக் குவிமாடம், அஸ்தமனம் பார்க்க இடம்பிடிக்கும் கூட்டம். எங்கள் இருவருக்கும் அதில் ஆசை இல்லை. துருக்கிக் கரைக்கு எதிரே, செஷ்மேயிலிருந்து படகேறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய ஹியோஸைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் ஒரு பிசின். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்களே, அது விளைகிற தீவு இது. தீவு முழுக்கக்கூட இல்லை, தெற்கே இருக்கிற 24 ஊர்களில்தான் அந்தத் தொழில்.

செப்டம்பரில் போனதால் வெயிலும் தாங்கும்படி இருந்தது, ஊரிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. கார் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். பேருந்து இருக்கிறது, ஆனால் அதை நம்பி ஊர் ஊராகச் சுற்ற முடியாது.

அந்த 24 ஊர்களில் ஒன்றான மெஸ்தாவில் ஒரு பழைய கல் வீட்டில் தங்கினோம். ஊருக்குள் வண்டி நுழையாது. வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். 1346-இல் ஜெனோவாக்காரர்கள், அதாவது இத்தாலியின் ஜெனோவா நகரத்து வணிகர்கள், தீவைப் பிடித்து 1566 வரை ஆண்டார்கள். பிசின் வியாபாரம்தான் அவர்களுக்குப் பணம். அதனால் ஊரையே கோட்டையாகக் கட்ட வைத்தார்கள். மதில் என்று தனியாக எதுவும் இல்லை. ஓரத்து வீடுகளின் பின்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று அதுவே மதிலாகிவிடுகிறது. சந்துகளுக்கு மேலே கல் வளைவு, வளைவுக்கு மேலே யாரோ ஒருவர் வீட்டு அறை. மொட்டைமாடிகள் ஏறக்குறைய ஒரே உயரம். எதிரி உள்ளே வந்துவிட்டால் மாடி வழியாகவே நடுக்கோபுரத்துக்கு ஓடிவிடலாம் என்று கணக்கு. அந்தக் கோபுரத்தை 19-ஆம் நூற்றாண்டில் எடுத்துவிட்டு, அங்கே பெரிய தக்ஸியார்கிஸ் தேவாலயத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து மக்களைக் காக்கத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கிறது. பிசின் திருடினால் ஜெனோவாக்காரர்கள் கடுமையாகத் தண்டித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெளியே இருப்பவர்கள் உள்ளே வராமல் இருக்க மட்டுமா அந்த வாசல்கள் என்று எனக்குச் சந்தேகம்.

மெஸ்தா அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் பாதி வீடுகள் எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகத் துடைத்து வைத்ததுபோல இருந்தன. எனக்குப் பிடித்துப்போனது இன்னொரு பிசின் ஊரான பிர்கி. அங்கே வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோலம். கருமணல் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே முக்கோணம், சதுரம், பிறை என்று கோடு போட்டுச் சுரண்டி எடுக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் அடியில் இருக்கிற கறுப்பு தெரியும். பால்கனி பால்கனியாகச் சின்னத் தக்காளிகளைச் சரம் கட்டிக் குளிர்காலத்துக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். கொலம்பஸ் தங்கிய வீடு என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1493-இல் அவர் எழுதிய கடிதத்தில் ஹியோஸ் பிசினைப் பற்றிச் சொல்லியிருப்பது மட்டும் உண்மை.

பிர்கியின் பின்சந்து ஒன்றில் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து பெரிய சல்லடையில் எதையோ சலித்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை கறுப்புடை. நான் "கலிமேரா" (காலை வணக்கம்) என்றதும் கையாலேயே வா, உட்கார் என்றார். இவர் தயங்கி நின்றார். "என்னங்க, வாங்க" என்று இழுத்து உட்காரவைத்தேன். சல்லடையில் இலையும் மண்ணும் கலந்த பிசின் துளிகள். சலிக்கச் சலிக்கத் தூசி கீழே விழ, பெரிய இலைகளைப் பாட்டி விரலால் பொறுக்கி எறிந்தார். இது முதல் சுற்றுதான். குளிர்காலத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு துளியையும் சின்னக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்வார்களாம். வீட்டுக்குள்ளிருந்து வந்த அவருடைய பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

பாட்டி ஒரு துளியை எடுத்து என் வாயருகே நீட்டினார். முதல் கடியில் பொடிப்பொடியாக நொறுங்கி லேசாகக் கசந்தது, துப்பிவிடலாமா என்று தோன்றியது. பாட்டி விடவில்லை, தாடையைத் தட்டிக் காட்டி மெல்லு மெல்லு என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றுசேர்ந்து வெள்ளையாக, இழுபடுகிற பசையாகிவிட்டது. வாயெல்லாம் பைன் மர வாசனை. அப்புறம் எதிர்பார்த்த கேள்வி வந்தது. எங்களைக் காட்டி, கையில் குழந்தையை ஆட்டுவதுபோல ஆட்டி, எத்தனை என்றார். ஒன்றுமில்லை என்று நான் தலையாட்டியதும் சல்லடையிலிருந்து இன்னொரு துளி எடுத்து இவர் கையில் வைத்தார். பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நம் ஊர்ப் பாட்டிகளிடமிருந்து தப்பித்து வந்தோம் என்று நினைத்திருந்த இவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணே தோட்டத்துக்கும் அழைத்துப்போனாள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான, முறுக்கிய அடிமரங்கள். அடியில் மண்ணைப் பெருக்கிச் சமப்படுத்தி வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தார்கள், சொட்டுகிற பிசினில் மண் ஒட்டாமல் இருப்பதற்காக. ஜூலையிலிருந்து பட்டையில் சின்னச் சின்னக் கீறல் போடுவார்கள். கசிந்து விழுவது இறுக இரண்டு, மூன்று வாரம் ஆகும். இத்தனைக்கும் சராசரி மரம் ஒரு வருஷத்தில் 200 கிராம்கூடத் தராது. நடுவில் மழை பெய்தால் அந்தச் சுற்று வீண். 2012 ஆகஸ்டில் பெரிய தீ இந்தப் பக்கத்து மரங்களில் நிறைய தின்றுவிட்டுப் போனது. புதிதாக நட்டது பிசின் தர ஐந்து வருஷமாவது ஆகும். 2016-இல் பிர்கிக்கு அருகே திறந்த மஸ்திகா (இந்தப் பிசினுக்குக் கிரேக்கப் பெயர்) அருங்காட்சியகத்தில் இதெல்லாம் அழகாக விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அது மண்டையில் ஏறும்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். நான் சைவம். பெரிதாகக் கஷ்டப்படவில்லை. அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய், வேகவைத்த கீரையில் எலுமிச்சை, தணலில் சுட்ட உள்ளூர் மஸ்தெலோ பாலாடைக்கட்டி எல்லாம் கிடைக்கும். விரதச் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அசந்துவிடாதீர்கள், அவர்கள் விரதத்தில் இறாலும் ஆக்டோபஸும் உண்டு! சதுக்கத்தில் சப்மரீன் என்று ஒன்று தருவார்கள். குளிர்ந்த தண்ணீர்க் குவளைக்குள் ஒரு கரண்டி வெள்ளை மஸ்திகா இனிப்பு. கரண்டியை நக்கிவிட்டுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் சாயங்காலம்வரை ஊரே தூங்கும். அந்த நேரத்தில் சந்தில் சத்தம் போட்டால் முறைப்பார்கள், நியாயம்தான்.

மேற்கே மலைமேல் இருக்கிற அனவாதோஸுக்கும் ஒரு நாள் போனோம். 1822-இல் ஓட்டோமான் படை தீவில் நடத்திய படுகொலையில் அழிந்து, 1881 நிலநடுக்கத்துக்குப் பிறகு மிச்சமிருந்தவர்களும் கிளம்பிவிட்ட ஊர். பிசின் ஊர்களை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள் என்பார்கள், சுல்தானுக்குப் பிசின் வேண்டுமே. வழியில் இருக்கிற நேயா மோனி மடத்தில் 11-ஆம் நூற்றாண்டு மொசைக் படங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிற, அந்தப் படுகொலையில் இறந்தவர்களின் மண்டையோடுகளைப் பார்த்ததும் நான் வெளியே வந்துவிட்டேன், இவர்தான் உள்ளே நின்று எல்லாவற்றையும் படித்தார்.

எங்கே தங்கலாம் என்றால், இவர் இன்னமும் மெஸ்தாதான் என்பார். ராத்திரி அந்த வளைவுகளுக்குக் கீழே நடப்பது இவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நான் பிர்கி என்பேன். பிசின் வாங்குவதானால் 1938-இல் தொடங்கிய விவசாயிகள் சங்கத்துக் கடையில் வாங்குங்கள். மெல்லுவதற்குக் கொஞ்சம் மெத்தென்ற பெரிய துளி, சமையலுக்குச் சிறியது போதும், பொடித்துத்தானே போடப்போகிறோம். வாங்கியதை வெயிலில் நிற்கிற காரில் மட்டும் வைக்காதீர்கள், எல்லாம் இளகி ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.