அறுகம்புல் கலஸ் (இழையத் துண்டிலிருந்து உருவமில்லாமல் பெருகும் கலத்திரள்) சளி போல நீர்த்துப் போகிறது, தளிர் வரவில்லை. ஓமோன் அளவு பிழையா?

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கம்பஸில் கடைசி வருடம், தாவர விஞ்ஞானம். ஆய்வுக்குப் புல்தரைப் புல்லை எடுத்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் அம்மம்மா. ஞாயிறு பின்னேரங்களில் அவரைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போவேன். 1859இல் ஹென்றி வார்ட் கட்டி முடித்த திடல். சனம் நடந்து நடந்து பல இடங்களில் மண் தெரிகிறது. ஆனால் கடற்பக்கம் அலை தெறிக்கிற ஓரத்தில் ஒரு புல் மட்டும் பச்சையாகப் படர்ந்து நிற்கும். அதில் ஓடித்தண்டு கொஞ்சம் எடுத்து வந்து சட்டியில் வைத்தேன். இழைய வளர்ப்பு (சிறு துண்டைப் போத்தலில் ஊடகத்தில் வளர்ப்பது) மூலம் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் புல் ஒன்றைத் தெரிந்தெடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

செய்தது இதுதான். கணுத்துண்டுகளை 70 வீத அற்ககோலில் 1 நிமிடமும் குளோரொக்ஸ் என்ற வெளிற்றும் கரைசலில் 15 நிமிடமும் வைத்துக் கழுவினேன். எம்.எஸ். என்ற வழக்கமான ஊட்ட ஊடகத்தில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி (ஒட்சின் வகை ஓமோன்), 30 கிராம் சீனி, பி.எச். 5.8. இருட்டில் வைத்தேன். பாதிப் போத்தல்களில் பூஞ்சணம் வந்துவிட்டது. மிச்சத்தில் 3 கிழமையில் கலஸ் வந்தது, ஆனால் கண்ணாடி போல, தொட்டால் வழுவழு என்று இருக்கிறது. 4 மாதமாக மாற்றி மாற்றி வளர்த்து, கடைசியில் பி.ஏ.பி. (சைற்றோகைனின் வகை ஓமோன்) 1 மில்லிகிராம் போட்ட ஊடகத்தில் வெளிச்சத்துக்கு எடுத்தேன். வேர் வருகிறது. இரண்டு போத்தலில் மட்டும் தளிர், அதுவும் பால் வெள்ளை.

ஒட்சின் கூடினால் வேர், சைற்றோகைனின் கூடினால் தளிர் என்றுதானே படித்தோம்? எங்கே பிழை விட்டேன்?

தெஹிவளை போத்தல் எழுதியது:

தங்கச்சி, விபரமாக எழுதியதற்கு நன்றி. நான் 11 வருடம் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வாழையும் அந்தூரியமும் போத்தலில் வளர்த்தவன். அதில் 3 வருடம் புல்லோடுதான் போனது.

முதலில் அந்த விகிதக் கணக்கு. 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் அதைக் காட்டியது புகையிலையில். புல் அப்படி நடக்காது. புல்லில் நாங்கள் தேடுவது கலத்திலிருந்து நேரே முளையம் உருவாகிற வழி. 2,4-டி இருக்கும்வரை கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கும், முளையத்துக்கான தொடக்கமும் அப்போதே விழும். ஆனால் அது முளையமாக வளர்ந்து முடிய 2,4-டியை எடுத்துவிட வேண்டும். நீங்கள் 4 மாதம் அதிலேயே வைத்திருந்தீர்கள். புல் கலஸ் வயது போகப் போகத் தளிர் விடும் சக்தியை இழக்கும், வெள்ளைத் தளிரும் கூடும். அந்த வெள்ளைத் தளிருக்குப் பச்சையம் இல்லை. போத்தலில் சீனி இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

இன்னொன்று, கணுவை விடுங்கள். புல்லில் முதிர்ந்த இழையம் இந்த வேலைக்கு இணங்காது, இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் இளம் இழையம் வேண்டும். அறுகில் எனக்குக் கைகொடுத்தது இளங்கதிர். சட்டியை வெட்டாமல் நல்ல வெயிலில் விடுங்கள். கதிர் வெளியே தலை காட்டுவதற்கு முன், இலையுறைக்குள் 1 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். உறையோடு முழுதாகக் குளோரொக்ஸில் கழுவி, லமினார் கபினட்டுக்குள் (வடித்த சுத்தமான காற்று வீசும் பெட்டி) வைத்து உரியுங்கள். உள்ளே இருப்பது கிட்டத்தட்டச் சுத்தம், பூஞ்சணத் தொல்லையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் பிடித்தது, நீங்கள் அந்த வருடத்தை இழக்கக் கூடாது.

2,4-டி 1 மில்லிகிராமுக்கு இறக்கி, அதோடு பி.ஏ.பி. 0.01 மில்லிகிராம் மட்டும் சேருங்கள். அவ்வளவு சின்ன அளவா என்று கேட்பீர்கள். அறுகில் அந்தத் துளிதான் நல்ல கலஸைக் கொண்டு வரும். கெட்டியாக, மங்கலான வெள்ளையாக, சின்னச் சின்ன மணி போல இருப்பதை மட்டும் உருப்பெருக்கியின் கீழ் பார்த்துப் பொறுக்குங்கள். நீர்த்ததை இரக்கமில்லாமல் வீசுங்கள். இரண்டு, மூன்று முறை மாற்றியதும் 2,4-டி இல்லாத ஊடகத்துக்கு, வெளிச்சத்துக்கு. வேருக்கென்று ஓமோன் தேவையில்லை, அரைச் செறிவு எம்.எஸ்.ஸில் தானாக விடும்.

கரைசல் எப்படிச் செய்தீர்கள்? 2,4-டி தண்ணீரில் நேரே கரையாது. சில துளி அற்ககோலில் கரைத்த பிறகுதான் தண்ணீர். அடியில் தூள் தங்கினால் ஒரு போத்தலில் இருக்கும் அளவு மற்றதில் இராது.

கடைசியாக, அது அறுகுதானா? கதிர் வந்ததும் பாருங்கள். கைவிரல் விரித்தது போல ஒரே புள்ளியிலிருந்து 3 முதல் 6 கிளை என்றால் அறுகு. கவை போல இரண்டே இரண்டு என்றால் அது கடலோரப் பஸ்பாலம் என்ற வேறு புல். பஸ்பாலம் இயல்பாகவே உப்பைத் தாங்கும் புல். பெயர் மாறினால் உங்கள் ஆய்வின் கேள்வியே மாறிவிடும்.

பத்தரமுல்லை நாற்றுமேடை எழுதியது:

நான் புல் கார்ப்பெட் விற்கிறவன், சதுர அடிக் கணக்கில். மலேசியன் புல்தான் கூடப் போகும். மைதானக்காரர் சிலர் கலப்பின அறுகு கேட்பார்கள். அந்தப் புல்லுக்கு விதையே இல்லை, தண்டு நட்டுத்தான் பெருக்குகிறோம். ஒரு முறை இழைய வளர்ப்புக் கன்று என்று சொல்லித் தந்ததை வாங்கி நட்டேன். 8 மாதத்தில் திட்டுத் திட்டாக வேறு நிறம், வேறு உயரம். முழுவதையும் கிளறி எறிந்தேன். அதனால் கேட்கிறேன் அண்ணா, போத்தலில் வளர்த்தால் புல் மாறிவிடுமா?

அப்புறம் புல் வெட்டும் வேலையைக் குறைக்க ஒரு மருந்து அடிக்கிறார்களே, அதுவும் ஓமோனா?

தெஹிவளை போத்தல் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. போத்தல் மட்டும் மாற்றாது, கலஸ்தான் மாற்றும். கணு அரும்பை அப்படியே வளர்த்துப் பெருக்கினால் தாய்ப்புல் பெரும்பாலும் அப்படியே வரும். கலஸ் வழியாகப் போனால் நிறமூர்த்தத்திலும் (குரோமோசோம்) மரபணுவிலும் மாற்றம் விழும். 1981இல் லார்கின், ஸ்கவ்கிராஃப்ட் என்ற ஆய்வாளர்கள் இதற்குச் 'சோமாகுளோனல் மாறல்' என்று பெயரே வைத்தார்கள். புல் விற்கிற உங்களுக்கு அது நட்டம். புது இனம் தேடுகிற தங்கச்சிக்கு அதுதான் மூலதனம். ஆகவே போத்தலைத் திறக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, அதே புல் வேண்டுமா, வேறு புல் வேண்டுமா என்பது.

கலப்பின அறுகுக்கு விதை இல்லாததற்குக் காரணம், அது 36 நிறமூர்த்த அறுகின் பாதியும் (18) 18 நிறமூர்த்த ஆபிரிக்க அறுகின் பாதியும் (9) சேர்ந்து பிறந்த 27. பாதியாகப் பிரிய வழியில்லை, மலடு. 1960இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டனில் புல் இன விருத்தியாளர் கிளென் பேர்ட்டன் வெளியிட்ட டிஃப்வே என்ற இனம் அப்படிப்பட்டதுதான். கலக்க முடியாத புல்லில் மாற்றம் தேடுபவர்களுக்குக் கலஸும் கதிர்வீச்சும்தான் கதவு. அதே நேரம் தோட்டத்திலும் தானாக மாற்றம் விழும். 1965இல் வந்த டிஃப்ட்வாஃப் என்ற இனம், அதற்கு முந்திய டிஃப்கிரீன் என்ற கலப்பின அறுகில் அப்படிப் பிரிந்த குட்டை என்றுதான் கருதுகிறார்கள்.

நீங்கள் சொல்கிற மருந்து ரினெக்ஸபாக் எதைல் என்றால் அது ஓமோன் அல்ல, ஓமோனைத் தடுப்பது. கலத்தை நீளச் செய்யும் கிபரலின் என்ற ஓமோன் புல்லுக்குள் உருவாகும் வழியின் கடைசிப் படியை மறிக்கும். கலம் நீளாது, புல் குட்டையாக நெருங்கி நிற்கும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் புல் ஒரேயடியாக எழும்பும், அந்த நேரத்துக்கு வெட்ட ஆயத்தமாக இருங்கள்.

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

அண்ணா, கரைசல் போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளைத் தூள் இருக்கிறது. கதிரும் ஒன்று வந்திருக்கிறது, 4 கிளை. அறுகுதான்!

எனக்கு வேண்டியது வேறு புல். ஊடகத்தில் உப்புப் போட்டுப் பிழைக்கும் கலஸை எடுத்தால் போதுமா?

தெஹிவளை போத்தல் எழுதியது:

போதாது. உப்பில் பிழைத்த கலஸ் எல்லாம் உப்பைத் தாங்கும் புல்லாக வராது. சில கலங்கள் அப்போதைக்குப் பழகிக்கொள்ளும், புல்லாக வெளியே வந்ததும் அந்தப் பழக்கம் போய்விடும். லீற்றருக்கு 3, 6, 9, 12 கிராம் உப்பில் முதலில் வைத்துப் பார்த்து, பெரும்பாலானவை சாகிற அளவைக் கண்டுபிடியுங்கள். அந்த அளவில் பிழைத்ததிலிருந்து வரும் புல்லை மணற்சட்டியில் நட்டு, உப்பில்லாமல் இரண்டு தடவை தண்டு வெட்டி நட்டபின் உப்புத் தண்ணீர் விடுங்கள். பக்கத்தில் மூன்று சட்டி கட்டாயம்: காலிமுகத்திடல் தாய்ப்புல், கணு அரும்பில் பெருக்கியது, உப்புப் போடாத கலஸில் வந்தது. இந்த மூன்றும் இல்லாவிட்டால் பரிசோதகர் முதல் கேள்வியிலேயே மறித்துவிடுவார்.

புதிய கரைசல் இன்றே செய்யுங்கள். கதிர் காத்திருக்காது, 4 கிளை வெளியே தெரிந்தால் அது ஏற்கெனவே முற்றிவிட்டது. அதே சட்டியில் அடுத்த தண்டின் உறையைத் தடவிப் பாருங்கள், உள்ளே கொஞ்சம் பருத்திருந்தால் அதை எடுங்கள்.