வீட்டில் செய்யும் பீஃப் பர்கர் ஏன் கோலா உருண்டை மாதிரி வருகிறது?

வேளச்சேரி அடுப்பு:
மூன்று ஞாயிறாக முயற்சி செய்கிறேன். கடையில் சாப்பிட்டது மெல்லிசாக, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, கடித்தால் சாறு வழிய இருந்தது. என்னுடையது நடுவில் உப்பி, உள்ளே ரப்பர் போல வருகிறது. அரைக் கிலோ கைமாவில் முட்டை, ரொட்டித்தூள், இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், உப்பு போட்டு நன்றாகப் பிசைந்து, நான்ஸ்டிக் தவாவில் மிதமான தீயில் சுடுகிறேன். அடுத்த மாதம் மகள் பிறந்தநாள். அதற்குள் சரியாக வர வேண்டும்.

கல்லுச்சூடு:
பர்கர் கடையில் நான்கு வருஷம் கல் முன்னால் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முட்டை, ரொட்டித்தூள், விழுது எதுவும் வேண்டாம். வெறும் கறி, கொழுப்பு, அவ்வளவுதான். கேட்காவிட்டால் கறிக்கடையில் பெரும்பாலும் கொழுப்பை ஒதுக்கிவிட்டுத்தான் தருவார்கள். 400 கிராம் தோள்பட்டைக் கறிக்கு 100 கிராம் கொழுப்பு சேர்த்து, ஒரே ஒரு முறை கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

உப்பைப் போட்டுப் பிசைந்ததுதான் பெரிய தப்பு. உப்பு கறியிலுள்ள புரதத்தைக் கரைத்து ஒட்டவைத்துவிடும். சாசேஜுக்கு அது வேண்டும், பர்கருக்குக் கூடாது. பிசையாமல் 70 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, குளிரவிடுங்கள். அப்புறம் கனமான இரும்பு தோசைக்கல் புகையும் அளவுக்குக் காயட்டும். உருண்டையை வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அடி தட்டையான பாத்திரத்தால் பலமாக அழுத்துங்கள். முதல் 30 விநாடிக்குள் அழுத்திவிட வேண்டும். கொழுப்பு உருகிய பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லுக்குப் போய்விடும். உப்பும் மிளகும் இப்போது மேலே தூவுங்கள்.

ஓரம் பழுப்பானதும், கூரான தோசைத் திருப்பியால் அடியோடு சுரண்டித் திருப்பிப் போடுங்கள். ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்பில்தான் ருசியே இருக்கிறது, அதைக் கல்லில் விட்டுவிடாதீர்கள். உள்ளே சிவப்பு தெரியக் கூடாது. அரைத்த கறி 71 டிகிரியாவது சூடாக வேண்டும்.

வெங்காயத்தாள்:
வெங்காயம் இல்லாமல் முடியாது என்றால், அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊர்ப் பாணி இருக்கிறது. தாள் போல மெல்லிசாகச் சீவிய வெங்காயத்தை உருண்டையின் மேல் குவித்து, அதோடு சேர்த்து அழுத்துவார்கள். கறிச் செலவைக் குறைக்க 1920களில் வந்த வழக்கம். திருப்பியதும் வெங்காயம் கொழுப்பிலேயே வதங்கும். பன்னை வெண்ணெயில் வாட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சாறில் ஊறிப் பிய்ந்துவிடும்.

வேளச்சேரி அடுப்பு:
நேற்று செய்தேன். அம்மா தன் தோசைக்கல்லைத் தரவில்லை, தனியாக ஒன்று வாங்கினேன். முதல் இரண்டும் கடையில் சாப்பிட்டதேதான்! ஓரம் நொறுங்கியது. மகள் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆனால் அடுத்து நான்கைச் சேர்த்துப் போட்டபோது தண்ணீர் விட்டு வெந்துவிட்டது. ஏன்?

கல்லுச்சூடு:
நான்கு போட்டால் கல் ஆறிவிடும். இரண்டிரண்டாகப் போடுங்கள், நடுவில் இரண்டு நிமிஷம் கல்லைக் காயவிடுங்கள்.