ஜம்தானி நெசவுக்குச் சொல்: ‘திரும்பு துணை ஊடை’

வணக்கம்.

துணி நெய்யும்போதே, பூ வரும் இடத்தில் மட்டும் தனி இழையைக் கையால் கோத்துப் பூப் போடுவது ஜம்தானி. நெடுக்கே இருக்கும் இழை பாவு, குறுக்கே ஓடும் இழை ஊடை. இந்தப் பூ இழையை ஆங்கிலத்தில் discontinuous supplementary weft என்பார்கள். அருங்காட்சியகத் துணிகளின் விவரக் குறிப்புக்காக அதற்கு முன்வைக்கப்பட்ட ‘தொடர்பற்ற மிகை ஊடை’ எனக்கு உடன்பாடில்லை, ஐயா. தொடர்பற்ற என்றால் சம்பந்தமில்லாத என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். மிகை என்றால் வேண்டாதது. துணிக்கு அழகே அந்த ஊடைதானே!

நம் கோடாலிக் கருப்பூர்ச் சேலையையே பார்ப்போம். தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகக் கொள்ளிடக் கரையில் நெய்தது, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பருத்தித் துணியில் ஜம்தானி முறையில் ஜரிகைப் பூ நெய்து, அப்புறம் மெழுகிட்டுச் சாயம் ஏற்றினார்கள். சிவப்புக்கு நடுவே ஜரிகை செம்பாக மின்னும்.

சாதாரண ஊடை கரைக்குக் கரை ஓடும். இந்த ஜரிகையோ பூவுக்குள் மட்டும் போய், பூவின் விளிம்பிலேயே திரும்பிவிடும். சேலையைப் புரட்டினால், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நீளும் இழை இருக்காது, பூவின் ஓரமெல்லாம் வெட்டிவிட்ட நுனிகளும் இருக்காது. குறிப்பு எழுதுபவர் பின்பக்கத்தில் தேடுவதும் இதைத்தான்.

ஆகவே discontinuous weft என்பதற்கு ‘திரும்பு ஊடை’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ‘மடங்கு ஊடை’ என்றால் இருமடங்கு, மும்மடங்கு என்று கணக்கு குறுக்கே வரும். ‘புட்டா’ பூவுக்குப் பெயர், நெசவு முறைக்கு அல்ல. அட்டை வைத்துப் பூப் போடும் ஜக்கார்ட் தறியிலும் புட்டா விழும்.

அடித்துணிக்கு மேலாகச் சேரும் இழை என்று காட்ட, supplementary என்பதற்கு ‘துணை’ என்ற சொல்லைத் தனியாக வைப்பது அவசியம். காஷ்மீரின் கானி சால்வையிலும் வண்ண ஊடைகள் இடையிலேயே திரும்புகின்றன. ஆனால் அங்கே துணியே அவைதான், உருவினால் வெறும் பாவு மிஞ்சும். கருப்பூர்ச் சேலையில் ஜரிகையை உருவினாலும் துணி நிற்கும். அதனால் கானி வெறும் திரும்பு ஊடை, ஜம்தானி திரும்பு துணை ஊடை. கரைக்குக் கரை ஓடிப் பூப் போடும் ஜரிகைக்குத் தொடர் துணை ஊடை. இந்த மூன்றும் இருந்தால் வெளிநாட்டுச் சேகரிப்புகளின் திரைச்சீலை, சால்வை, பட்டு எல்லாவற்றுக்கும் தமிழில் குறிப்பு எழுதலாம்.

உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையில் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துத் திரும்புகின்றன. இலக்கணப்படி அதுவும் திரும்பு ஊடைதான். ஆனால் தறிக்காரர் வைத்த ‘கோர்வை’ இருக்கும்போது அதன்மேல் புதுச்சொல் ஏற்றக்கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

‘ஊடு’, ‘ஊடை’ இரண்டும் வழக்கில் உண்டு. குறிப்பேடு முழுக்க ஒன்றே வரட்டும் என்று ஊடையை எடுத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

கும்பகோணத்திலிருந்து,
அன்புடன்.