அக்கா டிப்ளமோ படித்திருந்தால் தம்பிக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்காதா?

கேள்வி: பொருநை

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. அம்மா பீடி சுற்றுகிறார். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தம்பி பிளஸ் டூவில் 600க்கு 512 எடுத்திருக்கிறான். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்துவிட்டோம்.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப் படிப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணம் குறையுமாம், அந்த முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். "அக்கா காலேஜ் படித்திருக்கிறாள்" என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். நான் படித்ததால் அவனுக்குக் கிடைக்காமல் போகிறதே என்று இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். கவுன்சலிங் எல்லாம் வேண்டாம், இப்போதே பத்தாயிரம் முன்பணம் கட்டினால் சீட் உறுதி, முதல் பட்டதாரி சலுகையும் வாங்கித் தருகிறேன் என்கிறார். அம்மா பணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

தம்பி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. இன்ஜினியரிங் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்கு உண்டா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: முக்கூடல் தறி

தங்கச்சி, முதலில் நன்றாகச் சாப்பிடு. டிப்ளமோ பட்டம் இல்லை. பி.ஏ., பி.எஸ்சி., பி.இ. மாதிரி பட்டப் படிப்பு முடித்தவர் குடும்பத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், இரண்டு பக்கத் தாத்தா பாட்டி வரைக்கும் பார்ப்பார்கள். பாலிடெக்னிக் முடித்த அக்கா அதில் வரமாட்டாள்.

விண்ணப்பத்தில் உன் படிப்புக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார். எனக்கும் இதுதான் நடந்தது. என் அண்ணன் ஐ.டி.ஐ. படித்தவன். இ-சேவை மையத்தில் இருந்தவர் அவசரத்தில் "கல்லூரி" என்று போட்டுவிட்டார். நான் அண்ணனின் ஐ.டி.ஐ. சான்றிதழை ஸ்கேன் செய்து புதிதாக விண்ணப்பித்தேன். அப்புறம் நேரில் போய்க் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) அந்தத் தாளைக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுப் பரிந்துரை செய்தார், அதற்குப் பிறகு வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று நகர்ந்தது. நீயும் டிப்ளமோ சான்றிதழை இணைத்து மறுபடி போடு. விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போ. வீட்டில் உட்கார்ந்து மெசேஜ் வரும் என்று காத்திருக்காதே.

காரணம் சொல்கிறேன். எனக்கு 2019இல் தனியார் கல்லூரியில் கவுன்சலிங் மூலம் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் வருடத்துக்கு 50,000. சான்றிதழ் கையில் இருந்ததால் 25,000 கழித்தார்கள். நான்கு வருடத்தில் ஒரு லட்சம். என்னோடு சேர்ந்த ஒரு பையனுக்குச் சான்றிதழ் கவுன்சலிங் முடிந்த பிறகுதான் வந்தது. கல்லூரியிலும் கேட்டான், வேறு எங்கெங்கோ அலைந்தான், ஒன்றும் நடக்கவில்லை. அவன் அப்பா ஆட்டை விற்றுத்தான் முதல் வருடம் கட்டினார். அவன் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சான்றிதழோடு அம்மாவும் தம்பியும் கையெழுத்துப் போடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் ஏற்ற வேண்டும். அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது, சாதி வரம்பும் கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

ஏஜென்ட்டை நம்பாதே. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் முதல் பட்டதாரி சலுகை. கல்லூரியே நேரடியாகச் சேர்க்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் சான்றிதழ் இருந்தும் பயன் இல்லை. அந்தப் பத்தாயிரத்தைக் கொடுத்துவிடாதே.

பதில்: அலுவலக ஜன்னல்

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முக்கூடல் தம்பி மேலே சொன்னது சரி. மீதியை நான் சொல்கிறேன்மா.

7.5 சதவீதம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. அதில் இடம் கிடைத்தவர்களுக்கு விடுதிக் கட்டணம் வரை அரசே கட்டுகிறது என்பதால் எல்லோரும் கேட்கிறார்கள், இல்லை என்று சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும்.

ஆனால் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை உன் தம்பிக்கு உண்டு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இதை வாங்குவதால் வேறு உதவித்தொகை போய்விடாது.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறை தரும் உதவித்தொகையைப் பற்றி உனக்கு யாரும் சொல்லவில்லை போல. தொழிற்கல்விக்கு வருடம் 25,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும், குடும்ப வருமானம் மாதம் 10,000க்குள் இருக்க வேண்டும். இதை வாங்கினால் பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கான உதவித்தொகையைச் சேர்த்து வாங்க முடியாது, ஏதாவது ஒன்றுதான். எது அதிகம் என்று கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றில் மட்டும் போடு. இரண்டிலும் போட்டுவிட்டு இரண்டையும் இழந்து என் ஜன்னல் முன்னால் நின்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அட்டையில் அம்மா பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு. ஓர் எழுத்து மாறினாலும் எங்கள் கணினியில் நின்றுவிடும்.

முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதற்குப் பணம் போதாவிட்டால் வங்கிக் கல்விக் கடன் இருக்கிறது, நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

பதில்: ரேவதி அம்மா

என் மகள், தமிழ்ப் புதல்வன் மாதிரியே பெண் பிள்ளைகளுக்கு உள்ள புதுமைப் பெண் உதவித்தொகை வாங்குகிறாள். முதல் மூன்று மாதம் பணம் வரவில்லை என்று நினைத்து அலைந்தோம். பார்த்தால் பள்ளியில் படிக்கும்போது திறந்த பழைய கணக்கில் ஆதார் இணைந்திருந்தது, பணம் அதில்தான் ஏறியிருந்தது. தம்பியின் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுவிட்டு, கல்லூரியில் அந்தக் கணக்கையே கொடுங்கள்.

பதில்: பொருநை

எல்லோருக்கும் நன்றி. முக்கூடல் அண்ணன் சொன்னபடி பார்த்தேன், விண்ணப்பத்தில் என் பெயருக்கு நேராகப் "பட்டம்" என்றே போட்டிருந்தது. டிப்ளமோ சான்றிதழோடு நேற்று மறுபடி விண்ணப்பித்து, நேரில் போய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார்கள், இந்த முறை பரிந்துரை செய்து மேலே அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவின் அட்டையில் அப்பா பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. அதைத் திருத்த திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். தம்பிக்குத் தமிழ்ப் புதல்வன் உண்டு என்றதும் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினான்.

ஏஜென்ட்டுக்கு இன்று காலை போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா அந்தப் பத்தாயிரத்தை மறுபடி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டார்.