ஓபியாய்டு (அபின் வகை மருந்து) அளவு மீறி மூச்சு அடங்கும்போது கொடுக்கும் மாற்று மருந்தான நலாக்சோனால் மீட்கப்பட்டவர்களும் கூட இருந்தவர்களும் அந்த நிமிடங்களைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வலிக்கு எழுதிக் கொடுத்த ஓபியாய்டு மாத்திரை, நாளடைவில் கணக்கில்லாமல் போய், ஒரு நாள் அப்படியே சாய்ந்துவிட்டேன். மூச்சுக்குத் திணறியிருப்பேன் என்று கேட்பவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூச்சை இழு என்று விரட்டுகிற மூளைத்தண்டையே இந்த மருந்து மந்தமாக்கிவிடும், அதனால் தவிப்பே தெரியாது, நன்றாகத் தூங்கிய மாதிரிதான் இருந்தது. உதடு நீலம் பாரித்ததும், தொண்டையில் குறட்டை போல களகளவென்று சத்தம் வந்ததும் தங்கை சொல்லித்தான் தெரியும்.

எழுந்ததுதான் கொடுமை. மூக்கில் நலாக்சோன் ஸ்பிரே அடித்து இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும் என்றார்கள். ஓபியாய்டு ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களிலிருந்து அதைத் தள்ளிவிட்டு நலாக்சோன் உட்கார்ந்துகொள்கிறது. பல மாதம் அதற்கே பழகிய உடம்புக்குத் திடீரென்று எல்லாம் இல்லாமல் போகிறது. குளிரில் பல் கிடுகிடுத்தது, அதே நேரம் சட்டை வியர்வையில் ஒட்டியது. முன்கையில் ஒவ்வொரு முடியும் குத்திட்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மூக்கு ஒழுகல், கொட்டாவி மேல் கொட்டாவி, வாந்தி, எலும்புக்குள் முறுக்குகிற வலி. காப்பாற்றிய தங்கையின் கையைத் தட்டிவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் அழுகை வரும்.

"சரி, தெளிஞ்சிடுச்சு, விடு" என்று கிளம்பப் பார்த்தேன். அவள் விடவில்லை. நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், நான் விழுங்கியதோ நெடுநேரம் வேலை செய்கிற மாத்திரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மறுபடி கண் செருகி, மறுபடி மருந்து ஏற்றினார்கள்.

*

ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறேன். அந்தத் திட்டுக்காக மனம் உடையாதீர்கள், நாங்கள் தினம் கேட்பதுதான், அந்த நேரத்தில் உடம்பு படுகிற பாடு அப்படி. ஊசியில் கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம், ஆள் எழுந்து உட்கார வேண்டும் என்பதில்லை, மூச்சு சீரானால் போதும். அதற்கு முன்பே மாஸ்க் வைத்துக் காற்றை உள்ளே தள்ளிவிட்டால், விழிக்கும்போது அவ்வளவு மூர்க்கம் இருப்பதில்லை என்று எனக்குப் படுகிறது.

*

என் மகனுக்கு நான்தான் கொடுத்தேன். ஸ்பிரே அடித்துவிட்டு, ஐந்து வினாடிக்கு ஒரு தரம் என்று எண்ணி எண்ணி வாயில் ஊதினேன், ஆம்புலன்ஸுக்கு அழைத்த போனில் இருந்த பெண்ணும் கூடவே எண்ணினார். எத்தனையாவது என்று தெரியவில்லை, நான் குனிவதற்குள் அவன் நெஞ்சு தானாக ஒரு தரம் எழும்பியது. சாம்பல் பூத்திருந்த நகக்கண்ணில் மெல்ல ரத்தம் ஏறியது. அப்புறம் என் மடியிலேயே வாந்தி எடுத்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி வரும்வரை முதுகில் கைவைத்து ஒவ்வொரு மூச்சாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.